பாட்டு போட்டால் என் பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று முதல் மூன்று வயது வரை பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாட்டு காதோடு நிற்பதில்லை. முட்டி மடங்கும், தட்டு பறக்கும், நடு ராத்திரியில் கச்சேரி நடக்கும். பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப் போக.

பத்து மாசம்தான் ஆகுது. பாட்டு போட்டா சோஃபாவைப் பிடிச்சிக்கிட்டு முட்டியை மடக்கி மடக்கி எழுந்திரிக்கிறா. இது டான்ஸ்தானா, இல்ல நாமளா நினைச்சிக்கிறதா?

டான்ஸேதான். 2010ல் வெளியான ஓர் ஆய்வில் 5 மாதம் முதல் 2 வயது வரையிலான 120 குழந்தைகளுக்கு இசையையும், வெறும் தாளத்தையும், பேச்சையும் போட்டுக் காட்டினார்கள். பேச்சைவிட இசைக்கும் தாளத்துக்கும்தான் அவர்கள் உடம்பு அதிகமாக அசைந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல இது.

நம் புலவர்கள் இதை எப்போதோ கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்துக்கு உரியது. குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிற பருவம் அது. ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, அதாவது கைதட்டல். உங்கள் மகள் அதற்கு அடுத்த படியில் நிற்கிறாள். ஒன்றரை வயதை ஒட்டி ஒரே இடத்தில் சுற்றுவாள். இரண்டு வயதுக்குப் பிறகு இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதிப்பாள்.

என் பையன் ஆடுறான், ஆனா தாளத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல. தாள ஞானம் இல்லையோ?

இந்த வயதில் யாருக்கும் ஒத்து வராது. முதல் கேள்வியில் சொன்ன ஆய்விலும் குழந்தைகள் அசைந்தார்களே தவிர, தாளத்தோடு சரியாகச் சேரவில்லை. பெரியவர்கள் இயல்பாகத் தட்டும் வேகம் நிமிடத்துக்கு 100 அடி அளவில் இருக்கும். சின்னப் பிள்ளைகளின் இயல்பு வேகம் 150ஐ நெருங்கும். நிதானமான பாட்டு ஓடும்போது அவன் தன் வேகத்தில் போகிறான்.

நீங்கள் அவன் வேகத்துக்கு இறங்கி வாருங்கள். அவன் ஆடும்போது அவன் கால் படுகிற அடிக்கே கைதட்டுங்கள். நாலைந்து நாளில் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே ஆடுவான். பிறகு மெல்ல நீங்கள் வேகத்தைக் குறைக்கலாம். இரண்டரை முதல் நாலரை வயதுப் பிள்ளைகளிடம் 2009ல் செய்த சோதனையில், ஓர் ஆள் கூட உட்கார்ந்து தட்டியபோது, இயந்திரம் தட்டியதற்குச் சேர்ந்ததைவிட நன்றாகத் தாளம் சேர்ந்தது.

ஒரே பாட்டை நாளைக்கு நாப்பது தடவை கேக்குறா. வேற பாட்டு போட்டா அழுகை. மாத்தணுமா?

மாற்ற வேண்டாம். நமக்குத்தான் அது ஒரே பாட்டு. அவளுக்கு முதலில் மெட்டு மட்டும் பிடிபடும், பிறகு கையசைவு, பிறகு வரிக்கடைசியில் வரும் சொல், அதற்கும் பிறகு நடுவில் இருக்கும் சொற்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்னாடியே தெரிந்திருப்பதில் அவளுக்கு ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. ஒரு நாளில் அவளுக்கு முன்கூட்டித் தெரிகிற விஷயம் வேறு எவ்வளவு இருக்கிறது?

உங்கள் தொண்டைக்காக ஒரு வழி. மூன்று விரலைக் காட்டி "இன்னும் மூணு தடவை" என்று சொல்லி, ஒவ்வொரு முறை முடிந்ததும் ஒரு விரலை அவளையே மடக்கவைக்கவும். மூன்றாவது முடிந்ததும் "பாட்டுக்கு டாட்டா" என்று கையசைத்துவிட்டு, உடனே எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கேயே உட்கார்ந்திருந்தால் நாலாவது தடவை தானாக வரும். ஸ்பீக்கரில் சுழற்சியில் போட்டுவிட்டால் இந்த முடிவு என்பதே கிடைக்காது. அதனால் வாயால் பாடுவதே மேல்.

ஒரு வரியில கடைசி வார்த்தையை மட்டும்தான் சொல்றான். முழுசா எப்பப் பாடுவான்?

ஒன்றரை வயதில் இதுதான் சரியான வரிசை. வரிக்கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு சின்ன அமைதி இருக்கிறது, அந்தச் சொல்லை நாம் நீட்டியும் பாடுகிறோம். அதனால் அது முதலில் ஒட்டிக்கொள்கிறது.

இதையே பேச்சுப் பயிற்சியாக்கலாம். குழந்தைக்கு நேர் எதிரே, உங்கள் வாய் அவன் கண் மட்டத்தில் இருக்கும்படி உட்காருங்கள். வழக்கத்தைவிடப் பாதி வேகத்தில் பாடுங்கள். கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டு, புருவத்தை உயர்த்திக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணவும். பெரும்பாலானவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் பொறுமை இழந்து தாங்களே சொல்லிவிடுகிறார்கள், அங்கேதான் வாய்ப்பு போகிறது. அவன் "மா" என்றோ "தா" என்றோ அரைச் சொல் சொன்னாலும் ஏற்றுக்கொண்டு பாட்டைத் தொடருங்கள். பத்து எண்ணியும் வரவில்லையா, நீங்களே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்தினால் பாட்டு பரீட்சையாகிவிடும்.

கடைசிச் சொல் ஐந்தாறு வரிகளில் தடையில்லாமல் வந்த பிறகு, கடைசி இரண்டு சொல்லுக்கு முன் நிறுத்திப் பாருங்கள்.

காக்கா பாட்டை "தாத்தா, தாத்தா"ன்னு பாடுறா. அவங்க தாத்தாவையே கூப்பிடுறான்னு நினைச்சு அவர் ஓடி வர்றார்! திருத்தணுமா?

தாத்தாவுக்கு ஏமாற்றம்தான், ஆனால் அவள் காக்காவைத்தான் பாடுகிறாள். க என்ற ஒலி நாக்கின் பின்பகுதியில் பிறக்கிறது. த, நாக்கு நுனி பல்லைத் தொடுவதால் பிறக்கிறது. சிறு குழந்தைக்கு நுனிநாக்கு முதலில் வசப்படும், அதனால் க வரவேண்டிய இடமெல்லாம் த வரும். காக்கா தாத்தா ஆகும், கை தை ஆகும். ர என்பது ல அல்லது ய ஆவதும் இதே மாதிரிதான். ற, ழ எல்லாம் கடைசியில் வந்து சேரும்.

"அப்படி இல்ல, காக்கான்னு சொல்லு" என்று நிறுத்தித் திருத்த வேண்டாம். "ஆமா, காக்கா! காக்கா பறக்குது பார்" என்று சரியான சொல்லைப் பதிலாக இரண்டு முறை காதில் போடுங்கள், போதும். கொஞ்சிக்கொண்டு நீங்களும் "தாத்தா" என்றே பாடினால், சரியான ஒலியை அவள் யாரிடம் கேட்பாள்? மூன்று வயதில் வெளி ஆட்களுக்கு அவள் பேச்சில் பெரும்பகுதி புரிய வேண்டும். நாலு வயதுக்குப் பிறகும் க வரவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டலாம்.

கை வீசம்மான்னா கை வீசுறான், சாய்ந்தாடம்மான்னா சாய்ந்தாடுறான். வாயே திறக்க மாட்டேங்குறான். வயசு ஒண்ணேகால்.

கையசைவு சொல்லுக்கு முன்னால் வருகிற மொழி. சொல்லைக் கேட்டதும் அதற்குரிய அசைவைத் தேர்ந்தெடுத்துச் செய்கிறான் என்றால் புரிந்துகொள்கிறான் என்று பொருள். வாயசைவு பின்னால் வரும். அவனே கையை வீசிக் காட்டி உங்களைப் பாடச் சொல்கிறானா என்று பாருங்கள். அது ஒரு கோரிக்கை. உடனே பாடுங்கள்.

பருப்பு கடைகிற விளையாட்டு இதற்கு மிக நல்லது. குழந்தையின் உள்ளங்கையை விரித்து, உங்கள் முழங்கையை அதில் வைத்துக் கடைய வேண்டும். பிறகு அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு என்று ஒவ்வொரு விரலாக மடக்க வேண்டும். கடைசியில் நண்டும் நரியும் ஊர்ந்துகொண்டு கையில் ஏறி அக்குள் வரை போகும். விரல்கள் முழங்கையைத் தாண்டும்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாடையை மார்போடு ஒட்டி, தோளை இறுக்கிக்கொண்டிருப்பான். அங்கே இரண்டு விநாடி நிறுத்துங்கள். ஒரு நாள் அந்த அமைதியில்தான் "ம்", "இன்னு" என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். அக்குளில் கூச்சம் காட்டுவதை அவன் சிரிப்பு அடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். கையை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

வீட்ல அவ்வளவு ஆடுவா. மாமா வந்தா, "ஆடிக் காட்டு"ன்னா சிலை மாதிரி நிக்கிறா. ஏன்?

அவளுக்குப் பாட்டு என்பது உங்கள் முகம், அந்தப் பாய், சாயங்கால வெளிச்சம் எல்லாம் சேர்ந்த ஒன்று. மாமா வந்த கூடத்தில் அவற்றில் பாதி இல்லை. எல்லோருடைய கண்ணும் தன் மேல் இருப்பதும் அவளுக்குப் புதிது.

கேட்காமல் விடுங்கள். மாமாவோடு பேசிக்கொண்டே நீங்கள் லேசாக அந்தப் பாட்டை முனகி, கையசைவைச் செய்தால் பத்து நிமிடத்தில் அவளாக வந்து சேர்ந்துகொள்வாள். வந்ததும் போனைத் தூக்கி வீடியோ எடுக்க வேண்டாம், அங்கேயே நின்றுவிடுவாள்.

பாட்டுல ஒரு வார்த்தையை மாத்திப் பாடினா போதும், தரையில விழுந்து கத்துறான். இவ்வளவு பிடிவாதமா?

மூன்றாவது கேள்வியில் சொன்ன நிம்மதியைத்தான் நீங்கள் தட்டிவிட்டீர்கள். அடுத்த படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்தவனுக்குப் படி இல்லாமல் போன மாதிரி. இரண்டு வயதுக்கு முன் தெரிந்த பாட்டை மாற்றாமல் பாடுங்கள். தாத்தா ஒரு மாதிரி, பாட்டி ஒரு மாதிரி பாடினால் அது "தாத்தா பாட்டு", இது "பாட்டி பாட்டு" என்று பெயர் வைத்துவிடலாம், ஏற்றுக்கொள்வான்.

இரண்டரை வயதை ஒட்டி அதே மாற்றம் வேடிக்கையாகிவிடும். பசு "மியாவ்" என்றது என்று பாடிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே "இல்ல, ம்மா!" என்று திருத்துவான். ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும். திருத்தியதும் சரியான சொல்லோடு இன்னொரு முறை பாடிவிட வேண்டும்.

தட்டு, டம்ளர், கரண்டி எதையும் விடல, எல்லாத்தையும் அடிக்கிறான். நிறுத்துறதா, விடுறதா?

பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை என்றே ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகளும் அதே அளவு தட்டுகிறார்கள். நிறுத்த வேண்டாம், இடத்தையும் பொருளையும் நீங்கள் முடிவு செய்யுங்கள். எவர்சில்வர் மேல் எவர்சில்வர் அடிக்கும் ஒலி அந்தச் சின்ன காதுக்குப் பக்கத்தில் மிக அதிகம். கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவும் மரக்கரண்டியும் கொடுங்கள். கரண்டி அவன் முழங்கை முதல் விரல்நுனி வரையிலான நீளத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். அதை வாயில் வைத்துக்கொண்டு நடக்கவோ ஓடவோ விடக்கூடாது. விழுந்தால் அண்ணத்தில் குத்திவிடும்.

கிலுகிலுப்பை நீங்களே செய்யலாம். 200 மில்லி கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாக உலர்த்தி, இரண்டு மேசைக்கரண்டி அரிசி போடவும். பாதிக்கு மேல் நிரப்பினால் ஒலி அடைத்துவிடும். மூடியின் உட்புற மரையில் ஒட்டுப்பசை தடவி இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, மேலே அகலமான டேப்பை மூன்று சுற்று சுற்றவும். வாரம் ஒருமுறை மூடியைத் திருகிப் பார்க்க வேண்டும். உள்ளே புளியங்கொட்டை, கோலிக்குண்டு போட வேண்டாம். வெளியே வந்தால் தொண்டையில் சிக்கும். குன்றிமணியை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், கடித்து விழுங்கினால் அது கடும் விஷம். பனையோலைக் கிலுகிலுப்பையும் ஓலை பிரிய ஆரம்பித்ததும் மாற்றப்பட வேண்டியதுதான், உள்ளே இருப்பது சிறு கல்.

குக்கர் விசிலுக்கு ஆடுறா, மிக்சி போட்டா அலறுறா. ரெண்டும் சத்தம்தானே?

விசில் வருவதற்கு முன் குக்கர் உஸ்ஸென்று எச்சரிக்கிறது, வந்ததும் சீக்கிரம் நின்றுவிடுகிறது, திரும்பவும் வரும். அதாவது அதில் பாட்டின் அமைப்பு இருக்கிறது. மிக்சி எந்த அறிகுறியும் இல்லாமல் உச்சத்தில் தொடங்குகிறது.

மிக்சிக்கும் ஓர் அறிகுறி கொடுங்கள். போடுவதற்கு முன் "ஒண்ணு, ரெண்டு, மூணு, டுர்ர்ர்" என்று ஒவ்வொரு முறையும் ஒரே ராகத்தில் சொல்லுங்கள். முதல் சில நாள் அவள் சமையலறை வாசலில் ஒருவர் இடுப்பில் இருக்கட்டும், மிக்சியை இரண்டு விநாடி ஓட்டி நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் அவளே "டுர்ர்ர்" சொல்லத் தொடங்குவாள்.

குரங்கு குதிக்கிற பாட்டைப் பார்த்துட்டு கட்டில் மேல இருந்து குதிக்கிறான். பாட்டையே நிறுத்திடவா?

இந்த வயதுப் பிள்ளைக்குப் பாட்டில் வரும் வினைச்சொல் ஒரு கட்டளை. குதி என்றால் குதிக்க வேண்டும். கீழே விழுவது வேடிக்கையாகக் காட்டப்படுகிற பாட்டு என்றால் விழவும் செய்வான். பாட்டை நிறுத்துவதைவிட இடத்தை மாற்றுவது எளிது. தரையில் பாயை விரித்து, "குரங்கு பாய்லதான் குதிக்கும்" என்று முதல் நாளிலிருந்தே சொல்லுங்கள். கட்டிலில் ஏறினால் பாட்டு அந்தச் சொல்லோடு நிற்கும், இறங்கினால் தொடரும். திட்டத் தேவையில்லை, பாட்டு நிற்பதே போதுமான செய்தி.

விழுந்துவிட்டால்: நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, காது மூக்கிலிருந்து ரத்தமோ நீரோ வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தட்டாமாலை சுத்தி விழுந்து சிரிக்கிறா, திரும்பச் சுத்துறா. மூளைக்கு ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. உள்காதில் இருக்கும் நீர், உடம்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கிறுகிறுப்புதான் அவளுக்குப் பிடிக்கிறது. சுவர், மேசை முனை, அம்மிக்கல் எதுவும் எட்டாதபடி நாலு பக்கமும் ஐந்தடி இடம் விடுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். வாயில் எதுவும் இருக்கக்கூடாது. பாட்டு போட்டு ஆடும்போது வாயில் வேர்க்கடலையோ சுண்டலோ இருப்பது இந்த வயதில் மிகப் பெரிய ஆபத்து.

தூங்கப் போகும்போது தாளத்தோடு தலையைத் தலையணையில் முட்டிக்கொள்வதும், நாலு காலில் நின்று முன்னும் பின்னும் ஆடுவதும் பல பிள்ளைகளிடம் உண்டு. பொதுவாக ஐந்து வயதுக்குள் மறைந்துவிடும். பகலிலும் நெடுநேரம் அதையே செய்கிறாள், கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் கடைசிக் கேள்வியைப் படியுங்கள்.

போன்ல பாட்டு ஓடினாத்தான் வாயைத் திறக்குறான். பாட்டை நிறுத்தினா ஒரு வாய்கூட இறங்காது. எப்படி மீள்றது?

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்ற கவலையில்தான் எல்லா வீட்டிலும் இது தொடங்குகிறது. ஆனால் திரையைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தை தன் வயிறு நிறைந்ததைக் கவனிப்பதில்லை, மெல்லுவதை மறந்து கன்னத்தில் அடக்கிக்கொள்கிறது. 2 வயது வரை திரையே வேண்டாம், எப்போதாவது வீடியோ அழைப்பில் உறவினரைப் பார்ப்பது மட்டும் சரி என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதல். 2 முதல் 5 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் கூட இருந்து. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

பாட்டையும் படத்தையும் பிரிப்பதுதான் வழி. முதல் மூன்று நாள் அதே பாட்டு, அதே போன், ஆனால் திரையைக் கவிழ்த்து வையுங்கள். ஒலி மட்டும் வரட்டும். அழுவான். இரண்டாம் நாள்தான் அழுகை உச்சம். அடுத்த மூன்று நாள் போன் பக்கத்து அறைக்குப் போகட்டும், ஒலி தூரத்திலிருந்து வரட்டும், நீங்களும் கூடவே பாடுங்கள். ஏழாம் நாளிலிருந்து உங்கள் குரல் மட்டும். ஒரு வாய்க்கு ஒரு வரி என்று பாடினால், வரி முடியும் இடத்தில் வாய் திறக்கும். நாலாவது கேள்வியில் சொன்ன அதே காத்திருப்பு இங்கேயும் உதவும். வாயில் சோறு இருக்கும்போது மட்டும் அவனைப் பாடவைக்காதீர்கள், விழுங்கிய பிறகு பாடட்டும்.

இந்த நாட்களில் சாப்பாட்டு நேரத்தை 20, 25 நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வேளைகளுக்கு நடுவே பால், பிஸ்கட் கொடுத்து ஈடுகட்டினால் அடுத்த வேளை பசி இருக்காது, திட்டம் குலைந்துவிடும். வீட்டில் ஒருவர் போன் கொடுத்து ஒருவர் கொடுக்காமல் இருந்தால் இது நடக்கவே நடக்காது. பாட்டியிடமும் சித்தியிடமும் முன்னாடியே பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

பல் தேய்க்க, குளிக்க, செருப்பு மாட்ட, எல்லாத்துக்கும் ஒரு பாட்டு கேக்குறா. பழக்கம் கெட்டுடுமா?

கெடாது, இது உங்களுக்குக் கிடைத்த வரம். ஒரு வேலைக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் இருந்தால், பாட்டு தொடங்கியதுமே அவள் குளியலறைப் பக்கம் நடப்பாள். மெட்டு எதுவாகவும் இருக்கலாம், சொற்கள் நீங்கள் போட்டதாக இருக்கலாம். பாட்டு நேரத்தையும் அளக்கும். நிதானமாகப் பாடிய நாலு வரி சுமார் பத்து விநாடி வரும். கை கழுவ 20 விநாடி வேண்டும், ஆக இரண்டு முறை. பல் தேய்க்க 2 நிமிடம். மூன்று வயது வரை பற்பசை ஓர் அரிசி அளவு போதும்.

தூளியில ஆட்டிக்கிட்டே பாடினாத்தான் தூங்குறான். ரெண்டு வயசாச்சு, எழுந்து எட்டிப் பார்க்குறான், பயமா இருக்கு.

பயம் நியாயமானது. எழுந்து நிற்கிற பிள்ளை தூளியிலிருந்து தலைகீழாக விழலாம், துணி முறுக்கிக் கழுத்தைச் சுற்றலாம். தூளியை விட்டுவிடுங்கள், தாலாட்டை விட வேண்டாம். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் அது தாலாட்டு, தொட்டில் அதற்குத் துணை மட்டுமே.

முதல் நாலு இரவு, கண் சொருகியதும் ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் தொடருங்கள். அடுத்த நாலு இரவு, ஆட்டுவதைப் பாட்டின் பாதியிலேயே நிறுத்துங்கள். பிறகு தரையில் பாய், அதே பாட்டு, ஆட்டிய அதே வேகத்தில் முதுகில் தட்டு. நடுவில் காய்ச்சல் வந்தால் நின்ற இடத்திலேயே நிற்கலாம், பின்னால் போக வேண்டாம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து இருட்டுல தனியா பாடிக்கிட்டு இருக்கா. கூப்பிடணுமா?

கூப்பிடாதீர்கள், விளக்கும் போடாதீர்கள். பகலில் கேட்டதைத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறாள். யாரும் கேட்காத நேரத்தில்தான் புதுச் சொற்கள் வெளியே வரும் என்பதால், படுத்தபடியே காது கொடுங்கள். பெரும்பாலும் கால் மணியில் தூங்கிவிடுவாள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தால் பகல் தூக்கத்தைப் பாருங்கள். ஒன்று முதல் இரண்டு வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் போதும். பகலிலேயே நாலு மணி நேரம் போய்விட்டால் இரவில் மிச்சம் இராது.

இங்கிலீஷ் ரைம்ஸ், தமிழ்ப் பாட்டு ரெண்டும் கேட்டா குழம்பிப் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆனால் நீங்கள் எந்த மொழியில் சிரமமில்லாமல் கொஞ்சுவீர்களோ அந்த மொழியில் பாடுங்கள். குழந்தை பாட்டில் கேட்ட சொல்லைச் சமையலறையிலும் தெருவிலும் திரும்பக் கேட்டால்தான் அது அதன் சொல்லாகும். நிலா, தோசை, மழை இவை பாட்டிலும் உண்டு, வாசலிலும் உண்டு.

பட்டனை அமுக்கினா பாடுற பொம்மை, பாட்டுப் புத்தகம் வாங்கலாமா?

வாங்கினால் முதலில் பேட்டரி மூடியைப் பாருங்கள். திருகாணி போட்டு மூடியதாக இருக்க வேண்டும். பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் சட்டைப் பொத்தான் மாதிரி சிறு பேட்டரிகள் இருக்கும். விழுங்கினால், குறிப்பாக 20 மில்லிமீட்டர் லித்தியம் வகை, உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தைக்கு, போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு முறை வரை. தேன் தேடிக்கொண்டு நேரத்தை விட வேண்டாம்.

ஒலி அதிகமாக இருந்தால் ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் செல்லோ டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள், கணிசமாகக் குறையும். குழந்தைகள் பொம்மையைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒலியைச் சோதியுங்கள்.

திருவிழா ஸ்பீக்கர் முன்னாடி போய் ஆடணும்னு இழுக்குறான். கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், தூரத்தில் நின்று. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு. ஒரு கை தூரத்தில் இருப்பவரோடு நீங்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் அவனுக்கு ஆகாது, பின்னால் நகருங்கள். தவில், பம்பை அடிப்பவர் பக்கத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பதையும் தவிர்க்க வேண்டும். பஞ்சு வைப்பது போதாது. குழந்தைகளுக்கான காதுமூடிகள் கடைகளில் கிடைக்கின்றன.

பத்துப் பாட்டு முழுசாப் பாடுறான். ஆனா தண்ணி வேணும்னு கேக்கத் தெரியல. ரெண்டரை வயசு. கெட்டிக்காரன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மட்டும் மனசு கேக்கல.

உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள். மெட்டோடு சேர்ந்த சொற்களை ஒப்பிப்பது வேறு, தன் தேவைக்குச் சொல்லைத் தேடி எடுப்பது வேறு. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்க வேண்டும். இரண்டரை வயதில் சுமார் 50 சொற்கள் இருக்க வேண்டும். பாட்டில் மட்டும் வருகிற சொற்களை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கூடவே இவற்றையும் பாருங்கள்: பெயர் சொன்னால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, பாடும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, முன்பு சொன்ன சொற்கள் மறைந்துபோயினவா. இவற்றில் ஒன்று குறைந்தாலும் "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். முதல் வேலை காது பரிசோதனை. பாட்டுக்கு ஆடுகிறானே, காது கேட்காமலா என்று கேட்பார்கள். மேளத்தின் தாழ்ந்த ஒலி கேட்டு, ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு. அவர்களும் ஆடுவார்கள். பிறகு குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இதற்கென ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

போகும்போது இரண்டு நிமிட வீடியோ இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று அவன் பாடுவது. மற்றொன்று அவனுக்குப் பிடித்த பொருள் எட்டாத உயரத்தில் இருக்கும்போது அதை எப்படிக் கேட்கிறான் என்பது. மருத்துவருக்கு இரண்டாவதுதான் அதிகம் சொல்லும். அதுவரை வீட்டில் பாட்டை நிறுத்த வேண்டாம். நாலாவது கேள்வியில் சொன்ன மாதிரி பாதியில் நிறுத்திக் காத்திருங்கள். தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் டம்ளரை உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரே ராகத்தில் "தண்ணி வேணும்" என்று பாடிவிட்டுக் கொடுங்கள். அந்த இரண்டு சொல் அவனுக்குத் தேவைப்படும் இடத்திலேயே அவன் காதில் விழட்டும்.